வீட்டு வன்முறை, பாலியல் வன்முறை: சட்டம் தரும் பாதுகாப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லப்படுபவை இந்தியச் சட்டங்களும் அவை தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வரும் வழிகளும் ஆகும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துள்ளன. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், நீதிமன்றத் தாள்களில் இன்னும் சில காலம் இரண்டு வகைப் பிரிவு எண்களையும் காண நேரும்.

கணவரைச் சிறைக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அடி நின்றால் போதும். அப்படியிருந்தும் சட்டத்தை நாட முடியுமா?

முடியும். பெரும்பாலான பெண்கள் வாய் திறக்கத் தயங்குவதற்குக் காரணமே, புகார் என்றால் கைது, கைது என்றால் குடும்பம் முறிந்தது என்ற எண்ணம்தான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தின்படி நீங்கள் கொடுக்கும் மனு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டாலும், அதில் கேட்கப்படும் நிவாரணம் உரிமையியல் தன்மை கொண்டது: அடிக்காதே, வீட்டைவிட்டு வெளியேற்றாதே, செலவுக்குப் பணம் கொடு, குழந்தையைப் பார்க்க விடு என்று நீதிமன்றம் ஆணையிடுகிறது. அந்த ஆணை மீறப்படும்போதுதான் தண்டனை என்ற பேச்சே எழுகிறது. விவாகரத்து கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதே வீட்டில், அதே திருமண உறவில் இருந்துகொண்டே பாதுகாப்பு ஆணை பெறலாம். அதே சமயம், குற்ற வழக்கும் தொடர வேண்டும் என்று பின்னர் முடிவு செய்தால், இந்த மனு அதற்குத் தடையாகாது.

உடலில் காயம் இருந்தால்தான் வன்முறையா?

இல்லை. சட்டத்தின் 3-ஆம் பிரிவு உடல்ரீதியான, பாலியல்ரீதியான, சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும், பொருளாதாரரீதியான வன்முறைகள் என நான்கையும் ஒரே தட்டில் வைக்கிறது. குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை பிறக்கவில்லை என்றோ இழிவாகப் பேசுவது, பெண்ணுக்கு வேண்டியவர்களை அடிப்பேன் என்று திரும்பத் திரும்ப மிரட்டுவது ஆகியவை சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும் வன்முறையில் அடங்கும். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, சீராக வந்த நகைகளைப் பிடுங்கி அடகு வைப்பது, அவர் அனுபவித்துவந்த வீட்டு வசதிகளை மறுப்பது ஆகியவை பொருளாதார வன்முறை. சம்பளம் வாங்கும் பெண்ணின் ஏ.டி.எம். அட்டையைக் கணவர் வைத்துக்கொள்வதைப் பல குடும்பங்கள் வழக்கமாகவே கருதுகின்றன. அந்தப் பெண் அதற்கு இசையாதபோது அதுவும் இந்த வரையறைக்குள் வரக்கூடியதே.

இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும்தானா?

ஒரே வீட்டில் குடும்பமாக வாழும் அல்லது வாழ்ந்த எந்தப் பெண்ணும் மனு செய்யலாம். மகனால் அடிக்கப்படும் தாய், அண்ணனால் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் தங்கை, தந்தையின் கொடுமைக்கு ஆளாகும் மகள், விதவையான மருமகள் ஆகிய எல்லோரும் இதில் அடங்குவர். எந்த மதத்தினராக இருந்தாலும் வேறுபாடு இல்லை. பதிவோ தாலியோ இல்லாமல் திருமணத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணுக்கும் பாதுகாப்பு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் அதற்குச் சில அடையாளங்களைச் சொன்னது: இருவரும் சட்டப்படி மணம் செய்யத் தகுந்த வயதும் தகுதியும் உடையவர்களாகவும், கணவன் மனைவியைப் போலவே சமூகத்தின் முன் தங்களைக் காட்டிக்கொண்டவர்களாகவும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்தவர்களாகவும் இருக்க வேண்டும். ஆண் ஏற்கெனவே மணமானவர் என்று தெரிந்தே சேர்ந்து வாழ்ந்த பெண்களுக்கு இந்த அளவுகோல் கடுமையாகவே அமைந்துவிட்டது என்பது என் கருத்து.

எதிர்த்தரப்பினர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று முதலில் சட்டம் சொன்னது. ஹிரால் ஹர்சோரா வழக்கில் 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ‘வயது வந்த ஆண்’ என்னும் சொற்களை நீக்கியது. எனவே மாமியார், நாத்தனார் ஆகியோர் மீதும் நேரடியாக மனு செய்யலாம். ஆனால் அவர்கள் செய்ததைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். உறவினர் பட்டியல் முழுவதையும் மனுவில் அடுக்கினால் மனுவின் வலு குறையுமே தவிரக் கூடாது.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. ‘இது எங்கள் வீடு, வெளியே போ’ என்கிறார்கள். நான் போக வேண்டுமா?

உடனே போக வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் மையமே இந்த வசிப்புரிமைதான். 17-ஆம் பிரிவு, சொத்தில் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்றும், சட்டம் வகுத்த நடைமுறையின்படி அல்லாமல் அவரை வெளியேற்றக் கூடாது என்றும் கூறுகிறது. ஆனால் பத்ரா வழக்கில் வந்த தீர்ப்பு, வீடு கணவருக்குச் சொந்தமாகவோ அவர் வாடகைக்கு எடுத்ததாகவோ கூட்டுக் குடும்பச் சொத்தாகவோ இருந்தால்தான் அந்த உரிமை என்று சுருக்கிவிட்டதால், மாமனார் மாமியார் பெயரில் பத்திரம் இருந்த வீடுகளிலிருந்து ஏராளமான பெண்கள் வெளியேற்றப்பட்டனர். 2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அஹுஜா எதிர் ஸ்னேஹா அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரியல்ல என்று கூறி, கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடானாலும், அங்கே நிலையான முறையில் குடும்பம் நடத்தப்பட்டிருந்தால் அது பகிர்ந்து வாழ்ந்த இல்லமே என்று தெளிவுபடுத்தியது. விருந்தாளியாகச் சில நாள் தங்கிய வீட்டுக்கு இது பொருந்தாது.

முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மாமனார் மாமியாரைக் கொண்டு வெளியேற்ற உத்தரவு வாங்குவது இன்னொரு வழியாகப் பயன்பட்டுவந்தது. எஸ். வனிதா வழக்கில் (2020 டிசம்பர்) உச்ச நீதிமன்றம், அந்தச் சுருக்க நடைமுறையைக் கொண்டு பெண்ணின் வசிப்புரிமையைத் தோற்கடிக்க முடியாது என்றும், முதியோரின் உரிமையையும் பெண்ணின் உரிமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் கூறியது. இந்த உரிமை உங்களை வீட்டின் உரிமையாளர் ஆக்குவதில்லை. முறையான உரிமையியல் வழக்கில் வீட்டுக்காரர் நிவாரணம் பெறக்கூடும். நீதிமன்றம் வேறு தங்குமிடம் அல்லது வாடகைப் பணம் தரச் சொல்லவும் கூடும்.

19-ஆம் பிரிவின் கீழ் நடுவர் இன்னும் பலவற்றை ஆணையிடலாம். வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ தடை விதிக்கலாம். நீங்கள் இருக்கும் பகுதிக்குள் எதிர்த்தரப்பினர் நுழையாதபடி தடுக்கலாம். தேவையானால் கணவரையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம். வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் ஆணையை மட்டும் ஒரு பெண்ணுக்கு எதிராகப் பிறப்பிக்க முடியாது.

மனுவை யாரிடம், எங்கே கொடுப்பது?

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர். தமிழ்நாட்டில் இவர் சமூக நலத்துறையின் கீழ் இயங்குகிறார். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள். அவர் நடந்ததைக் கேட்டுக் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து, உங்கள் மனுவோடு நடுவருக்கு அனுப்புவார். மருத்துவ உதவிக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்வார். இரண்டாவது, வழக்கறிஞர் மூலமோ நீங்களாகவோ நேரடியாக நீதிமன்றத்தில் மனு செய்வது. பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லாமலும் நடுவர் ஆணை பிறப்பிக்கலாம் என்று பிரபா தியாகி வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது. மூன்றாவது, அனைத்து மகளிர் காவல் நிலையம். அங்கே செல்வோருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள உரிமைகளையும் இலவசச் சட்ட உதவியையும் எடுத்துச் சொல்வது காவலர்களின் கடமை என்று 5-ஆம் பிரிவு விதிக்கிறது.

நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு செய்யலாம் என்பது முக்கியமான சலுகை. திருச்சியில் அடிபட்டுத் தூத்துக்குடியில் தாய்வீட்டுக்கு வந்த பெண், ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருச்சிக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. தூத்துக்குடி நீதிமன்றமே விசாரிக்கலாம்.

அவசரம் என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், உயிருக்கு ஆபத்து என்றால் 112-ஐயும் அழைக்கலாம். மாவட்டங்களில் இயங்கும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்களில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவ உதவி, ஆலோசனை, சட்ட உதவி ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஆணை கிடைக்க எவ்வளவு நாள் ஆகும்?

மனு கிடைத்த 3 நாளுக்குள் முதல் விசாரணையும், அதிலிருந்து 60 நாளுக்குள் தீர்வும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் 60 நாள் என்பது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிடுகிறது. எதிர்த்தரப்பு நோட்டீஸ் வாங்காமல் நழுவுவதிலேயே மாதங்கள் போய்விடும். அதனால்தான் 23-ஆம் பிரிவு முக்கியமாகிறது. பிரமாணப் பத்திரத்தின் அடிப்படையில், எதிர்த்தரப்பினரைக் கேட்காமலேயே நடுவர் இடைக்கால ஆணை பிறப்பிக்க அது இடம் தருகிறது. முதன்மை மனுவோடு இடைக்கால மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்யுமாறு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக வன்முறை நடந்த தேதி, இப்போது இருக்கும் ஆபத்து, கையில் இருக்கும் பணம் ஆகியவற்றை அதில் குறிப்பாக எழுத வேண்டும். ‘தொடர்ந்து கொடுமைப்படுத்துகிறார்’ என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு எந்த நடுவரும் அவசர ஆணை தரமாட்டார்.

செலவுக்குப் பணமும் என் நகைகளும் கிடைக்குமா?

மருத்துவச் செலவு, இழந்த வருமானம், சேதமான பொருளின் மதிப்பு, உங்களுக்கும் குழந்தைகளுக்கும் ஜீவனாம்சம் ஆகியவற்றை 20-ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். நீங்கள் பழகிய வாழ்க்கைத் தரத்துக்கு ஏற்றதாக அந்தத் தொகை இருக்க வேண்டும். எதிர்த்தரப்பினர் பணத்தைக் கட்டாவிட்டால், அவருடைய சம்பளத்திலிருந்து பிடித்து நேரடியாக உங்களுக்கு வழங்குமாறு அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே நடுவர் உத்தரவிடலாம். மன வேதனைக்கான இழப்பீடு 22-ஆம் பிரிவில் தனியாக உண்டு.

இருதரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனு செய்த தேதியிலிருந்தே வழங்கப்பட வேண்டும் என்றும் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் விதித்தது. ‘வேலை போய்விட்டது’ என்று வாயால் சொல்லித் தப்பிக்கும் வழி இதனால் ஓரளவு அடைபட்டது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது 2024 ஜூலையில் வந்த தீர்ப்பால் உறுதியாகியுள்ளது.

தாய்வீட்டில் போட்ட நகையும் சீர்ப்பொருள்களும் பெண்ணின் தனிச்சொத்து. அவற்றைத் திருப்பித் தர 19-ஆம் பிரிவிலேயே ஆணை கேட்கலாம். கடை ரசீது இல்லாவிட்டாலும் திருமணப் புகைப்படங்கள், காணொளி, அடகுச் சீட்டு ஆகியவை பயன்படும்.

நீதிமன்ற ஆணையை அவர் மதிக்கவில்லை என்றால்?

பாதுகாப்பு ஆணையை மீறுவது தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறை, ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இது பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க, பிணையில் விடத்தகாத குற்றமாகும். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றை மட்டுமே கொண்டு குற்றம் நிரூபிக்கப்பட்டதாக நீதிமன்றம் முடிவு செய்யலாம் என்றும் 32-ஆம் பிரிவு கூறுகிறது. ஆணையின் நகலைப் பகுதிக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனாலும் ஒரு நகலை நீங்களே கையில் வைத்திருப்பது நல்லது. இரவு பத்து மணிக்கு வரும் காவலருக்கு அந்தத் தாளைக் காட்டினால்தான் இது ‘வீட்டுச் சண்டை’ அல்ல என்பது புரியும். ஜீவனாம்சம் கட்டாமல் இருந்தால் அதை வசூலிக்க வாரண்ட் கேட்டுத் தனி மனு செய்ய வேண்டும்.

பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டேன். இப்போது காலம் கடந்துவிட்டதா?

பாதுகாப்புச் சட்ட மனுவைப் பொறுத்தவரை இல்லை. தமிழ்நாட்டு வழக்கான காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் (2022) தீர்ப்பில், குற்றங்களுக்கான ஓராண்டுக் காலவரையறை இந்த மனுவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மணவிலக்கு ஆன பிறகும், சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நடந்த வன்முறைக்காக மனு செய்யலாம். ஆனால் கணவரோ அவருடைய உறவினரோ இழைக்கும் கொடுமைக்கான குற்ற வழக்குக்கு 3 ஆண்டுக் காலவரையறை இருப்பதால், அந்த வழியை நினைப்பவர் தாமதிக்காமல் இருப்பதே நல்லது.

பழைய 498ஏ வழக்கு என்ன ஆயிற்று?

மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய அந்தப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகளாக உள்ளது. கணவரோ அவருடைய உறவினரோ இழைக்கும் கொடுமைக்கு 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. திருமணமான 7 ஆண்டுக்குள் வரதட்சணைக் கொடுமையால் பெண் இறந்தால் 80-ஆம் பிரிவின் கீழ் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை கிடைக்கும். அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் (2014) பிறகு, புகார் கொடுத்தவுடன் கைது என்பது இயல்பான நடைமுறை அல்ல. கைது ஏன் தேவை என்பதைக் காவல்துறை எழுதிக் காட்ட வேண்டும். பெண் தஞ்சமடைந்த ஊரிலேயே இந்த வழக்கையும் பதியலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் (2019) முடிவாயிற்று.

காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது கொடுத்து, இருதரப்பையும் அழைத்துப் பேசுவது தமிழ்நாட்டில் வழக்கம். பேசிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் மனு ரசீது எப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகாது, மூன்று முறை ‘எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்’ என்பதும் பாதுகாப்பாகாது. அப்படி எழுதி வாங்கும் ஒவ்வொரு தாளின் நகலையும் கேட்டுப் பெறுங்கள். பின்னால் வன்முறை தொடர்ந்ததற்கு அதுவே சான்றாகும்.

பாலியல் வன்முறை நடந்துவிட்டது. முதலில் காவல் நிலையமா, மருத்துவமனையா?

எங்கு செல்வது எளிதோ, பாதுகாப்பானதோ அங்கே. எப்.ஐ.ஆர். இல்லை என்று காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்க முடியாது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடி சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும், மறுப்பது தண்டனைக்குரியது. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்பதும் விதிதான் என்பதை முன்பே அறிந்துகொள்ளுங்கள். கருத்தடை மாத்திரையும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும் என்பதால், வழக்கைப் பற்றி முடிவெடுக்காவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சான்று சேகரிக்கும் பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் தேவை. எந்தப் பகுதிப் பரிசோதனையையும் நீங்கள் மறுக்கலாம்; அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. இயன்றால் குளிக்காமல், அன்று உடுத்திய ஆடைகளைத் துவைக்காமல் காகித உறையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே குளித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். காயங்கள், ஆடை, படுக்கை விரிப்பு, தொலைபேசிச் செய்திகள் ஆகியவை இருக்கின்றன. பெண்ணுறுப்பில் விரலைச் செலுத்திப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. அதைச் செய்பவர் ஒழுங்கீனம் புரிந்தவராகக் கருதப்படுவார் என்று 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

‘எங்கள் எல்லை இல்லை’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால்?

எல்லையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்து, பின்னர் உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். இதைத்தான் ஜீரோ எப்.ஐ.ஆர். என்கிறோம். மின்னணு வழியில் புகார் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். பாலியல் வன்முறைப் புகாரைப் பெண் காவல் அதிகாரியே பதிய வேண்டும். பாலியல் வல்லுறவு வழக்கில் வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலோ நீங்கள் விரும்பும் இடத்திலோ, பெற்றோர், நெருங்கிய உறவினர் அல்லது சமூகப் பணியாளர் உடனிருக்கப் பதிவு செய்ய வேண்டும். புகார்தாரர் மாற்றுத்திறனாளி என்றால் அவர் இருக்கும் இடத்துக்கே வந்து, தேவையான மொழிபெயர்ப்பாளரோடு, காணொளியாகப் பதிய வேண்டும்.

இத்தகைய குற்றத்தில் புகாரைப் பதிய மறுக்கும் அலுவலருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. பிரிவு எண்ணைச் சொன்னதும் பல மேசைகளில் பேச்சின் தொனி மாறும். அப்போதும் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பி, அந்த ரசீதோடும் பிரமாணப் பத்திரத்தோடும் நடுவரிடம் மனு செய்யலாம். விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். அதன் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

திருமணத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறைக்கு என்ன வழி?

18 வயது நிறைந்த மனைவியோடு கணவர் கட்டாயமாக உறவுகொள்வது பாலியல் வல்லுறவு ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவின் விதிவிலக்கு கூறுகிறது. 2022 மே 11 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதில் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. புதிய சட்டம் இயற்றப்பட்டபோது இந்த விதிவிலக்கை நீக்க வாய்ப்பு இருந்தும் அப்படியே எடுத்துவைத்தார்கள் என்பது வருந்தத்தக்கது.

அதனால் வழியே இல்லை என்று பொருளல்ல. பாலியல் வன்முறை, குடும்ப வன்முறையின் வரையறைக்குள் வெளிப்படையாகவே இருப்பதால் பாதுகாப்பு ஆணையும் வசிப்பிட ஆணையும் கேட்கலாம். கொடுமைக் குற்றத்தின் கீழும் புகார் செய்யலாம். பிரிந்து வாழும் மனைவியிடம் அவர் சம்மதமின்றி உறவுகொள்ளும் கணவருக்கு 67-ஆம் பிரிவு 2 முதல் 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. இதற்கு நீதிமன்ற உத்தரவு பெற்றுப் பிரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மனைவி 18 வயது நிறையாதவர் என்றால் விதிவிலக்கே பொருந்தாது.

என் பெயர் வெளியே வந்துவிடுமா?

பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் பெயரையோ அடையாளம் காட்டும் எந்த விவரத்தையோ வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். விசாரணை மூடிய நீதிமன்ற அறையில் நடக்கும். உங்கள் கடந்தகாலப் பாலியல் வாழ்க்கையைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் கேட்கவும் கூடாது.

விதி இருந்தும் மீறல்கள் நடந்துள்ளன. 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறையே வெளிப்படுத்தியது, அவருக்கு ரூ.25 லட்சம் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாக வழக்கின் எப்.ஐ.ஆர். வெளியே கசிந்தபோதும், சென்னை உயர் நீதிமன்றம் மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக அதே தொகையை வழங்கச் சொன்னது. எனவே உங்கள் அடையாளம் எங்காவது வெளியானால், அந்தப் பதிவின் திரைப்பிடிப்பையும் இணைய முகவரியையும் சேமித்துவைத்துத் தனிப் புகாராகக் கொடுங்கள். பொள்ளாச்சி வழக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது.

‘அவனுக்கே கட்டிவைத்துவிடலாம்’ என்று ஊரில் பேசுகிறார்கள். அது வழக்கை முடித்துவிடுமா?

முடிக்காது. பாலியல் வல்லுறவு வழக்கில் சமரசத்துக்கு எந்தச் சூழ்நிலையிலும் இடமில்லை என்று மதன்லால் வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில், தண்டனை பெற்ற ஒருவரைச் சமரசப் பேச்சுக்காகப் பிணையில் விட்ட சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, இந்தத் தீர்ப்புக்குப் பிறகு தம் உத்தரவைத் திரும்பப் பெற நேர்ந்தது. 2021-இல் அபர்ணா பட் வழக்கில், பிணைக்கு நிபந்தனையாகத் திருமணத்தையோ சமரசத்தையோ நீதிமன்றங்கள் பரிந்துரைக்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. நீதிமன்றத்துக்கே இல்லாத அந்த அதிகாரம் எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் கிடையாது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், பிணை கேட்கும்போதும் வழக்கின் மற்ற கட்டங்களிலும் உங்கள் தரப்பைக் கேட்குமாறு கோரும் உரிமை உங்களுக்கு உண்டு.

கருவுற்றிருந்தால்?

பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் 24 வாரம் வரை கருவைக் கலைக்கக் கருக்கலைப்புச் சட்டம் அனுமதிக்கிறது; 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், அதற்கு மேல் இருவரின் கருத்தும் தேவை. 24 வாரத்தைக் கடந்தால் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும்; கணவர், தந்தை ஆகியோரின் கையெழுத்தைக் கேட்பது சட்டப்படியானது அல்ல. இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு மட்டும், கணவரின் வல்லுறவும் வல்லுறவாகவே கொள்ளப்படும் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்கு இருந்தால், மரபணுச் சோதனைக்காகத் திசுவைப் பாதுகாத்துவைக்குமாறு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாத குழந்தை என்றால்?

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012 பொருந்தும். பெண் குழந்தை, ஆண் குழந்தை என்ற வேறுபாடு இல்லை. குழந்தையின் ‘சம்மதம்’ என்ற வாதத்துக்கும் இடமில்லை. குற்றம் நடந்ததை அறிந்த எவரும் புகார் செய்தே ஆக வேண்டும். அதை மறைப்பது குற்றம். பள்ளியின் நற்பெயர் கெடும் என்று தலைமையாசிரியரோ, குடும்ப மானம் என்று உறவினரோ மூடி மறைக்க முடியாது. குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை அணியாத அதிகாரி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும்; எக்காரணம் கொண்டும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

பணியிடத்தில் நடந்தால்?

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறு நிறுவனங்களில் வேலை செய்வோரும் வீட்டு வேலை செய்வோரும் மாவட்ட அளவிலான குழுவிடம் செல்லலாம். 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். காவல்துறைக்குச் செல்லும் உரிமை இதனால் குறைவதில்லை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை.

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எல்லாப் பெண்களும் இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியுடையவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பாலியல் வன்முறைக்கான அரசு இழப்பீட்டுக்கும் இந்த ஆணைக்குழுவிடமே விண்ணப்பிக்க வேண்டும். தேசிய ஆணைக்குழுவின் 2018-ஆம் ஆண்டுத் திட்டம், பாலியல் வல்லுறவுக்கு ரூ.4 லட்சம் முதல் 7 லட்சம் வரையும், கூட்டு வல்லுறவுக்கு ரூ.5 லட்சம் முதல் 10 லட்சம் வரையும் வரையறுக்கிறது. எதிரி தண்டிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எப்.ஐ.ஆர். நகலோடு இடைக்கால உதவி கோரலாம்.

பக்கத்து வீட்டில் தினமும் அலறல் கேட்கிறது. நான் புகார் செய்தால் எனக்குச் சிக்கல் வருமா?

குடும்ப வன்முறை நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்புவதற்குக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்காக அவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. இருப்பினும், அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. புகார் வந்தது தெரிந்ததும் அடி கூடும் வீடுகள் உண்டு, எந்த நேரத்தில் ஆபத்து அதிகம் என்பதை அவரே அறிவார். அடி நடந்துகொண்டிருக்கும்போது இந்தத் தயக்கம் வேண்டாம். அப்போது 112-ஐ அழைத்து, தெருவின் பெயர், கதவு எண், மாடி ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.